முக்கால் பங்கு: மண்ணுக்குள் கிடைத்த காசு யாருக்குச் சொந்தம்?

2020 பிப்ரவரி 26 அன்று திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயிலில், அகிலாண்டேசுவரி சன்னிதிக்கு அருகே புதர் மண்டிக் கிடந்த இடத்தைப் பணியாளர்கள் சீர் செய்துகொண்டிருந்தார்கள். ஏறத்தாழ ஏழடி ஆழத்தில் ஒரு உலோகப் பாத்திரம் தட்டுப்பட்டது. உள்ளே 505 பொற்காசுகள். அவற்றில் 504 சிறியவை, ஒன்று பெரியது. மொத்த எடை 1.716 கிலோ. கோயில் நிர்வாகம் தகவல் சொல்ல, காவல்துறையும் வருவாய்த்துறையும் வந்தன. காசுகளை எண்ணினார்கள், எடை போட்டார்கள், கருவூலத்துக்கு அனுப்பினார்கள். சச்சரவு ஏதும் எழவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேசுவரர் கோயிலில் நடந்தது வேறு. குடமுழுக்குக்காக ஊர்மக்கள் திருப்பணி தொடங்கி, கருவறைக்கு முன்னிருந்த படிக்கற்களைப் பெயர்த்தபோது அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பொன் வெளிப்பட்டது. வருவாய் அதிகாரிகள் கேட்டதும் ஊர் மறுத்துவிட்டது. சாமியின் பொன் சாமிக்கே, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கவேண்டும் என்றார்கள். போலீஸ் துணையோடு நீண்ட பேச்சுவார்த்தை நடந்தபிறகே பொன் அரசின் கைக்கு வந்தது. ஊராட்சிக்குக் குடவோலை விதி எழுதிக் கல்லில் வெட்டிய ஊர் அது. தன் சொத்தைப் பற்றித் தானே முடிவெடுக்க நினைத்ததில் வியப்பில்லை.

இரண்டு நிகழ்வுகளிலும் செய்தி வாசித்த பெரும்பாலோர் மனத்தில் ஓடியது ஒரே எண்ணம்தான்: புதையல் என்றால் அரசுக்குச் சொந்தம். இந்த எண்ணம் சரிதானா, இந்தியச் சட்டம் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா, சொல்லாவிட்டால் இந்த நம்பிக்கை யாருக்கு என்ன இழப்பைத் தந்திருக்கிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

1878இன் கணக்கு

இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டின் ஆறாவது சட்டம். அதற்கு முன் வங்காளத்தில் 1817லும் சென்னை மாகாணத்தில் 1832லும் தனித்தனி ஒழுங்குமுறைகள் இருந்தன. அவற்றின் இடத்தில் நாடு முழுவதற்குமாக வந்த இச்சட்டம்தான், மாநிலத் திருத்தங்களோடு, இன்றுவரை நடப்பிலிருக்கிறது. கேரளம் 1968இல் தனக்கென்று ஒரு புதையல் சட்டம் இயற்றிக்கொண்டது.

மூலச் சட்டத்தின் வாசகம் சுருக்கமானது. மண்ணிலோ, மண்ணோடு பொருத்தப்பட்ட எதிலுமோ மறைத்து வைக்கப்பட்டிருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல். உத்திரமேரூர்ப் படிக்கட்டும் இந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்: என்ன கிடைத்தது, எவ்வளவு, எங்கே, எந்த நாள். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவேண்டும், அல்லது கேட்டபோது கொண்டுவந்து காட்டுவதற்குப் பிணை கொடுக்கவேண்டும். கலெக்டர் அறிவிக்கை வெளியிடுவார். உரிமை கோருவோர் ஆஜராக நாலு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மிகாமலும் தவணை தரப்படும். பிறகு விசாரணை. நூறாண்டுக்குள் தானோ தன் முன்னோரோ புதைத்தது என்று யாராவது வந்து நம்பத்தக்க வகையில் சொன்னால், அவர் உரிமையியல் நீதிமன்றம் போக அவகாசம் கிடைக்கும். அப்படி யாரும் வராவிட்டால் புதையல் ‘உரிமையாளர் இல்லாதது’ என்று அறிவிக்கப்படும்.

அதற்குப் பின் வருவதுதான் பலரும் அறியாத பகுதி. உரிமையாளர் இல்லாத புதையல் தானாக அரசுக்குப் போய்விடுவதில்லை. நிலத்துக்காரர் என்று யாரும் வராவிட்டால் முழுவதும் கண்டெடுத்தவருக்கு. நிலத்துக்காரர் வந்து, இருவருக்கும் முன்னொப்பந்தம் ஏதும் இல்லாதிருந்தால், நாலில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, மிச்சம் நிலத்துக்காரருக்கு. அரசுக்குப் பொருள் வேண்டுமென்றால் அது விலை கொடுத்து வாங்கவேண்டும். மூலப்பொருளின் மதிப்பு, அதற்கு மேல் அதில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பதினாறாம் பிரிவு சொல்லும் விலை. ஒப்படைக்காமல் மறைத்தவருக்கோ பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

காலனிய அரசு இயற்றிய சட்டம் கூலிக்காரனுக்கு முக்கால் பங்கு கொடுத்தது என்பதை முதன்முறை கேட்பவர்கள் நம்புவதில்லை. சட்டத்தின் நோக்கம் வெளிப்படையானது. கண்டெடுத்தவர் வாய் திறக்கவேண்டும், அதற்கு ஆசை காட்டவேண்டும். ஆனால் அந்த ஆசை வார்த்தை ஊர்ப்புறத்துக்குப் போய்ச் சேரவேயில்லை. போய்ச் சேர்ந்தது இருபதாம் பிரிவின் சிறைத் தண்டனை மட்டும்.

பத்து ரூபாய் வரம்பையும் கவனிக்கவேண்டும். 1878இல் பத்து ரூபாய் என்றால் பத்து வெள்ளி நாணயங்கள், ஏறத்தாழ பத்துத் தோலா எடை. அற்பமான கண்டெடுப்புகளுக்காகக் கலெக்டரைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்பதற்கான சல்லடை அது. இன்று அந்தச் சல்லடையில் எதுவும் நிற்பதில்லை.

அரசனின் பங்கும் பத்திரத்தின் வாசகமும்

‘புதையல் அரசுக்கே’ என்ற நம்பிக்கை வெறும் அறியாமையல்ல, அதற்கு நீண்ட வேர் உண்டு. அர்த்தசாஸ்திரம் புதையல் பற்றித் தகவல் தருபவனுக்கு ஆறில் ஒரு பங்கு என்கிறது. அவன் அரச ஊழியன் என்றால் பன்னிரண்டில் ஒன்று. லட்சத்துக்கு மேற்பட்ட புதையல் அரசனுக்கு. மூதாதையர் சொத்து என்று ஒருவன் நிறுவினால் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். மறைத்தவனுக்குத் தண்டம். மனுஸ்மிருதியின் எட்டாம் இயல் சாதி அடுக்கை இதற்குள்ளும் கொண்டுவருகிறது. கற்றறிந்த பிராமணன் கண்டெடுத்தால் முழுவதும் அவனுக்கு, அரசன் கண்டெடுத்தால் பாதி பிராமணர்க்கு. அரசனுக்குப் பங்கு ஏன் என்பதற்கு அது தரும் காரணம், அவன் நிலத்தின் தலைவன், காப்பவன் என்பது. ரோமானியச் சட்டம் ஹேட்ரியன் காலத்தில் பாதிக்குப் பாதி என்று வேறு வழி கண்டது. அரசனைக் கழித்துவிட்டு, கண்டவனுக்கும் நிலத்துக்காரனுக்கும் சமமாகப் பிரித்தது.

தமிழகத்தில் இன்னொரு மரபும் சேர்ந்துகொள்கிறது. விஜயநகரக் காலச் செப்பேடுகளும் அதையொட்டிய நிலக்கொடை ஆவணங்களும் நிலத்தைத் தரும்போது அஷ்டபோகங்களோடு தருகின்றன: நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். முதலிரண்டும் புதையலையும் புதைத்து வைத்த பொருளையும் குறிப்பவை. அரசன் தனக்குரிய பங்கை விட்டுக்கொடுத்து, கொடை பெறுபவனுக்கு மண்ணுக்கடியில் இருப்பதையும் சேர்த்தே கொடுத்துவிட்டான் என்பது இதன் பொருள். இவ்வாசகம் செப்பேட்டோடு நின்றுவிடவில்லை. பத்திர எழுத்தர்களின் கைவழியாகக் கிரயப் பத்திரங்களுக்குள் நுழைந்து, ‘நிதி நிட்சேப ஜல தரு பாஷாண’ என்று நேற்றுவரை எழுதப்பட்டு வந்திருக்கிறது. அரசன் மட்டுமே விட்டுக்கொடுக்கக்கூடிய ஒன்றை இரண்டு ஏக்கர் புன்செய் விற்பவர் விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். வாங்குபவரும் தன் மண்ணில் கிடைப்பதெல்லாம் தனக்கே என்று நம்புகிறார். 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்குரியது கால் பங்கு. தானே மண்வெட்டி பிடித்தால் மட்டுமே முழுதும்.

ஆக, ஒரே குடத்தைச் சுற்றி மூன்று நம்பிக்கைகள் நிற்கின்றன. அரசுக்குரியது என்று அதிகாரியும், பத்திரப்படி தனக்குரியது என்று நிலத்துக்காரரும், வெளியே சொன்னால் ஒன்றும் மிஞ்சாது என்று வெட்டியவரும் நினைக்கிறார்கள். சட்டத்தோடு இவற்றில் எதுவும் முழுதாகப் பொருந்துவதில்லை. ஆனால் காசுகளின் விதியைத் தீர்மானிப்பவை இவைதான், குறிப்பாக மூன்றாவது.

மூசையில் முடிந்தவை

காசு மற்ற தொல்பொருள் போலல்ல. சிலையை உருக்கினால் விலை விழும். பானை ஓட்டை யாரும் உருக்கமாட்டார்கள். பொற்காசு உருகினாலும் பொன்தான், பத்தரின் மூசைக்குள் போய்வந்தால் அடையாளமும் இல்லை, வழக்கும் இல்லை. ஆகவே உரிமை குறித்த அச்சம் எழும்போது முதலில் அழிவது காசு.

1847இல் கண்ணூருக்கு அருகே கோட்டயம் என்ற இடத்தில் கிடைத்த ரோமானியப் பொற்காசுக் குவியல் இந்தியாவில் கிடைத்தவற்றுள் மிகப் பெரியதாக இருந்திருக்கக்கூடும். ஐந்து கூலியாட்கள் சுமக்கும் அளவு என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. எண்ணுவதற்கு முன்பே கை மாறின, கடைத்தெருவில் விற்கப்பட்டன, உருக்கப்பட்டன. ஒரு பகுதி திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் கையில் சேர்ந்தது. முசிறித் துறை வழியாக வந்த பொன்னின் அளவைப் பற்றி எழுதும் எவரும் இன்றும் அந்த ‘ஐந்து சுமை’யைத் தாண்டி எதையும் சொல்லமுடியாத நிலைதான்.

ஐம்பதாண்டு கழித்து, 1898இல், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த பானை இதற்கு நேர்மாறு. 501 ரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகவே பதிவுக்கு வந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். காசுகள் லண்டனுக்குப் போனது வேறு வகை இழப்பு, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு தொகுதியாக அவை நின்றதால் தெரியவந்தது என்ன என்று பார்க்கவேண்டும்.

விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, ஏழு கிராமைச் சற்றே தாண்டும் ஒரு காசை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் பேரரசனின் தலை. அந்தத் தலையின் குறுக்கே உளியால் அழுத்தி வெட்டிய ஒரு கோடு. தேய்மானமோ கீறலோ அல்ல. ஒரே அடியில், முகத்தைக் குறிபார்த்து விழுந்த வெட்டு. 501 காசுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் இந்த வெட்டு இருக்கிறது. இரண்டு மூன்று காசுகளில் மட்டும் இருந்தால் உள்ளே செம்பு இருக்கிறதா என்று எவரோ சோதித்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு குவியலின் பெரும்பகுதியே ஒரே முறையில் வெட்டப்பட்டிருந்தால் அதற்கு வேறு விளக்கம் வேண்டும். இனி இது ரோமப் பேரரசின் நாணயமாகச் செல்லாது, எடை போட்டுக் கொள்ளும் பொன்னாக மட்டுமே செல்லும் என்று யாரோ அதிகாரத்தோடு தீர்மானித்ததன் அடையாளம் அது என்பதே வலுவான விளக்கம். தொகுதியில் கடைசிக் காசுகள் வெஸ்பாசியன் காலத்தவை என்பதால் புதைத்த காலத்துக்கு ஒரு முன்னெல்லையும் கிடைக்கிறது. இவையெல்லாம் தொகுதி சொன்னவை, தனிக் காசு சொல்லாதவை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது பயானா. 1946 பிப்ரவரியில், பரத்பூர் சமஸ்தானத்தில் பயானாவுக்கு அருகே ஒரு கிராமத்தில், வேட்டை முடிந்த இடத்தில் காலித் தோட்டாக்களைத் தேடிய சிறுவர்களுக்கு ஒரு செப்புப் பானை கிடைத்தது. உள்ளே குப்தர் காலப் பொற்காசுகள், ஏறத்தாழ 2,100. ஊருக்குள் பங்கு பிரிந்தது. சமஸ்தான அதிகாரிகள் வந்து திரட்டியபோது கிடைத்தவை 1,821. மீதியில் பெரும்பகுதி உருகிவிட்டது. அ. ச. அல்தேக்கர் 1954இல் வெளியிட்ட அட்டவணை குப்தர் நாணயவியலையே மாற்றி எழுதியது. இரண்டாம் சந்திரகுப்தனின் ‘சக்ரவிக்கிரம’ வகைக் காசு உலகில் அங்கே கிடைத்த ஒன்றினால்தான் அறியப்பட்டது. குவியலைப் புதைத்த காலத்தைக் கணிக்க அல்தேக்கர் நம்பியதும் ஸ்கந்தகுப்தனுடையது என்று அவர் கருதிய ஒரே ஒரு காசை. அந்த அடையாளப்படுத்தல் சரிதானா என்ற விவாதம் பின்னால் எழுந்தது. இன்னும் இரண்டு காசு அதே வகையில் இருந்திருந்தால் விவாதத்துக்கே இடமிருந்திருக்காது. அவை உருகியவற்றுள் இருந்தனவா என்பதை இனி யாராலும் சொல்லமுடியாது. பயானாவின் கிராமத்தார் பேராசைக்காரர்கள் என்று எழுதுவது எளிது. ஒப்படைத்தால் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவர்களிடம் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தார்களா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

சாகாத சொந்தக்காரர்

1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் நூறாண்டு விதி ஒரு ஊகத்தின் மேல் நிற்கிறது. புதைத்தவர் மனிதர், அவர் செத்துப்போவார், மூன்று நாலு தலைமுறைக்குப் பிறகு உரிமையை நிறுவ ஆள் இருக்கமாட்டார். ஆனால் தமிழகத்தில் பொன் புதைத்தவர்களில் கணிசமானோர் கோயிலுக்காகப் புதைத்தவர்கள். கோயிலின் இறைவன் சட்டத்தின் பார்வையில் சொத்து வைத்திருக்கவும் வழக்குத் தொடரவும் தகுதியுள்ள ஒரு ஆள். இது புதிய கருத்தல்ல, 1925இல் பிரிவி கவுன்சில் முல்லிக் வழக்கில் உறுதிசெய்தது. எண்ணூறு ஆண்டுக்கு முன் தன் பொன்னைப் புதைக்க விட்ட அதே சொந்தக்காரர் இன்றும் அதே கருவறையில் இருக்கிறார். அவருக்கு வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. அப்படியானால் கோயிலுக்குள் கிடைப்பது ‘உரிமையாளர் இல்லாதது’ ஆவது எப்படி?

இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை லண்டனில் கிடைத்தது, காசுக்காக அல்ல, ஒரு நடராசருக்காக. 1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், சிதைந்து கிடந்த விசுவநாதசாமி கோயிலருகே மண் வெட்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்கு ஒரு நடராசர் செப்புத் திருமேனி கிடைத்தது. கலெக்டருக்குத் தகவல் போகவில்லை, தரகர் கைக்குப் போனது. கை மாறி மாறி, பம்பர் என்ற கனடா நிறுவனம் வாங்கி, சீர்செய்யக் கொடுத்திருந்தபோது லண்டன் காவல்துறை கைப்பற்றியது. வழக்கில் எதிர்நின்றவர்களின் பட்டியல் விசித்திரமானது: இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயிலின் தக்கார், கோயில், கடைசியில் சிவலிங்கமே.

விசாரணையில் புதையல் சட்டத்தின் பிரிவுகளைவிட மண்ணும் கரையானும் அதிகம் பேசின. நடராசரின் மேல் ஒட்டியிருந்த மண்ணும், செம்பின்மேல் கரையான் கட்டிய புற்றுத் தடங்களும், அதே இடத்தில் பின்னர் அதிகாரிகள் தோண்டி எடுத்த பிற திருமேனிகளின்மேல் இருந்தவையோடு ஒப்பிடப்பட்டன. இரா. நாகசாமி சிற்ப அமைதி பற்றிச் சாட்சியம் சொன்னார். 1988இல் கோயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இங்கிலாந்துச் சட்டம் அறியாத ஒரு ஆளை, இந்தியச் சட்டம் ஆளாக ஏற்பதால், தாங்களும் ஏற்பதாக நீதிபதிகள் சொன்னார்கள். பூசை நின்று, கூரை விழுந்து, கற்குவியலாகக் கிடந்த கோயில் தன் சொத்துக்கு வழக்காடி வென்றது. நடராசர் அதே ஆண்டில் தமிழகம் திரும்பினார்.

பத்தூர்த் தீர்ப்பின் தர்க்கத்தை உத்திரமேரூருக்குப் பொருத்திப் பார்த்தால் ஊர்மக்களின் வாதம் அசட்டுப் பிடிவாதமாகத் தோன்றாது. படிக்கட்டுக்குக் கீழே இருந்த பொன் அக்கோயிலுக்கே உரியது என்பது வரலாற்று நோக்கில் ஏறத்தாழ உறுதி. திருப்பணிக் காலங்களில் கோயில் படிகளுக்கும் பீடங்களுக்கும் அடியில் பொன் வைப்பது வழக்கம். அவர்கள் தவறியது ஒரே இடத்தில்தான். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடவேண்டும் என்றார்கள். எழுத்திலோ படத்திலோ பதிவாகாமல் மண்ணுக்குள் திரும்பும் பொருள் அடுத்த திருப்பணியில் யார் கைக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இன்னொரு பக்கம், சாமியின் உரிமை என்பது நடைமுறையில் யாருடைய கைக்குப் போகும் என்ற கேள்வியும் இருக்கிறது: ஊருக்கா, தக்காருக்கா, அறநிலையத்துறைக்கா? இறைவனின் சொந்தம் என்று ஒப்புக்கொண்டபிறகும் பெட்டிச் சாவி யாரிடம் என்ற வழக்கு மிச்சமிருக்கிறது.

திருவானைக்காவல் காசுகளிலும் இதே சிக்கல் உண்டு, சண்டை வராததால் கண்ணில் படவில்லை. 1,716 கிராமை 505ஆல் வகுத்தால் காசுக்குச் சராசரி 3.4 கிராம். பெரிய காசு ஒன்று இருப்பதால் கணக்கு சற்றே பிசகும், என்றாலும் இது வராகன் எடைக்கு மிக அருகில் வருகிறது. சராசரியை மட்டும் வைத்துக் காலம் சொல்லமுடியாது, அதற்கு முத்திரைகள் வேண்டும். ஆனால் நாட்டில் புழங்கிய ஒரு நாணய அளவைக்கு இசைந்த எடை என்பது இது சேமிப்பாக இருக்கலாம் என்று நினைக்க இடம் தருகிறது. சேமித்தது கோயில் பண்டாரமா, கோயிலுக்குள் ஒளித்துவிட்டு ஓடிய தனிமனிதரா என்பதைப் பொறுத்தே ‘உரிமையாளர்’ மாறுகிறார். 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் பிரிவு இதைத்தான் கலெக்டரிடம் கேட்கிறது: யார் கண்டெடுத்தார், எந்தச் சூழலில், இயன்றவரை யார் புதைத்தார், எந்தச் சூழலில் புதைத்தார். தொல்லியலாளர் கேட்கும் கேள்விகளைச் சட்டம் வருவாய் அதிகாரியிடம் ஒப்படைத்திருக்கிறது. பாத்திரத்துக்கு மேலும் கீழும் இருந்த மண்ணடுக்கைப் பாராமல் இதற்கு விடை கிடையாது. தாசில்தாரின் மகஜரில் எண்ணிக்கையும் எடையும் இருக்கும். மண்ணடுக்கு இருப்பதில்லை.

விலை என்ற முடிச்சு

முக்கால் பங்கு என்ற வாக்குறுதியை உள்ளேயிருந்து அரிப்பது பதினாறாம் பிரிவு. மூலப்பொருள் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் என்றால், பொற்காசு என்பது பொன், செப்புக் காசு என்பது செம்பு. பாண்டியர் காலச் செப்புக்காசு ஒரு பானை நிறையக் கிடைத்தால் அரசு சட்டப்படி தரவேண்டியது பழைய பாத்திரக் கடைக்காரர் தரும் தொகையைவிடச் சற்றே அதிகம். பொன்னுக்கு ஐந்தில் ஒன்று கூடுதல் என்பது காகிதத்தில் கவர்ச்சி. ஆனால் மாதக்கணக்கில் காத்திருப்பு, விசாரணை, போலீஸ் நிலையம் என்று அலைவதைக் கணக்கில் எடுக்கும் எவரும் அடகுக்கடையைத்தான் தேர்ந்தெடுப்பார்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை, இன்னொரு சுற்றுச் சுற்றியது. நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். ஏற்றுமதிக்குத் தடை, வணிகத்துக்கு உரிமம். ஆனால் கட்டாயப் பதிவுக்கென அறிவிக்கப்பட்டவை சிற்பம், ஓவியம், சுவடி போன்ற வகைகளே. அதனால் குவியலிலிருந்து உதிர்ந்த காசு சேகரிப்பாளரின் ஆல்பத்துக்குள் நுழைந்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க யாருக்கும் வழியில்லை.

ஒப்பிட இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் குவியல் உதவும். 1992 நவம்பரில் சஃபோக் பகுதியில், வயலில் தொலைந்த குத்தகை விவசாயி ஒருவரின் சுத்தியலைத் தேடித்தரப் போன நண்பர் உலோகங்காட்டிக் கருவியோடு ரோமானியப் பொன்னையும் வெள்ளியையும் கண்டார். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். தொல்லியலாளர்கள் மறுநாளே வந்து அகழ்ந்தார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள், அவை இருந்த மரப்பேழையின் தடயம், உள்ளே பொருள்களை அடுக்கிவைத்த முறை எல்லாம் பதிவாயின. 17.5 லட்சம் பவுண்டு சந்தை விலையாகத் தரப்பட்டது. கண்டெடுத்தவர் அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தோண்டுவதைப் பாதியில் நிறுத்தியதற்குத் தனிமனிதக் கண்ணியம் ஒரு காரணம். ஒப்படைத்தால் சந்தை விலை கிடைக்கும் என்று அந்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது இன்னொரு காரணம். நான்காண்டில் வந்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் வரையறையை விரித்தது. அதையொட்டித் தொடங்கிய பதிவுத் திட்டம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கண்டெடுப்புகளைப் பதிவு செய்துவிட்டது.

அதற்காக இங்கிலாந்தை மாதிரியாக வைத்துக் கொண்டாடவேண்டியதில்லை. 2015இல் ஹெர்ஃபோர்டுஷயரில் இருவர் வைக்கிங் காலக் குவியல் ஒன்றைக் கண்டு மறைத்து விற்றார்கள். 300 காசு வரை இருந்திருக்கும் என்று கணிக்கப்பட்டதில் மீண்டவை முப்பதைச் சுற்றியே. அவற்றுள் ஆல்ஃபிரெடையும் மெர்சியாவின் கியோல்வுல்ஃபையும் இணையாகக் காட்டும் காசுகள் இருந்தன. கியோல்வுல்ஃபைக் கைப்பாவை என்று எழுதிய பழைய வரலாற்றை அசைப்பவை அவை. 2019இல் இருவருக்கும் பத்தாண்டு, எட்டரை ஆண்டு எனத் தண்டனை விழுந்தது, மேல்முறையீட்டில் அது குறைந்தது. சந்தை விலை தரும் நாட்டிலும் மறைப்பவர் மறைக்கிறார்கள். சந்தை விலையே கருவியோடு அலைபவர்களைப் பெருக்குகிறது என்ற குற்றச்சாட்டும் அங்கே பழையது. ஆனால் அங்கே மறைத்தவர் சட்டம் தரும் பங்கை அறிந்தே மறைத்தார். இங்கே அறியாமல் மறைக்கிறார். திருத்தக்கூடியது பின்னது.

புதையல் மீதான அரசின் ஆர்வம் எங்கே திரும்பியிருக்கிறது என்பதற்கு ஒரு இடைச்செருகல். 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்து தௌண்டியா கேராவில், ஆயிரம் டன் பொன் புதைந்திருப்பதாக ஒரு சாமியார் கண்ட கனவையொட்டி இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. மண்வெட்டி விழுவதற்கு முன்பே மாநில அரசுக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு, 1857 கிளர்ச்சியையடுத்துத் தூக்கிலிடப்பட்ட ராஜாவின் வழிவந்தோருக்கு எவ்வளவு என்று பேச்சு தொடங்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை மனு போனது. பொன் வரவில்லை. செங்கற்சுவரும் பானை ஓடும் வந்தன.

கண்டெடுத்தவர் யார்?

முக்கால் பங்கைப் பெறத் தகுதியுள்ளவர் யார் என்பதைச் சட்டம் விளக்காமல் விட்டதுதான் கடைசி முடிச்சு. 1878இல் மனத்திலிருந்தது ஏர் உழும் குடியானவர். இன்று பானை தட்டுப்படுவது ஜேசிபி வாளியில், ஏரி தூர்வாரும் கூட்டு வேலையில், ஒப்பந்தக்காரர் அமர்த்திய நாட்கூலிகளின் கடப்பாரையில். இயந்திரம் ஓட்டியவரா, பளபளப்பைப் பார்த்துக் கத்தியவரா, ஒப்பந்தக்காரரா, வேலை கொடுத்த கோயிலா? இங்கிலாந்தில் 1896ஆம் ஆண்டு ஷர்மன் வழக்கில், குளம் தூர்வாரிய தொழிலாளிக்குக் கிடைத்த பொன் மோதிரங்கள் வேலை கொடுத்த நிலவுடைமை நிறுவனத்துக்கே என்று தீர்ப்பானது. அது சேற்றில் கிடந்த மோதிரம் பற்றியது, புதையல் பற்றியதல்ல. ஆனாலும் அந்த வழி போனால் 1878ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிய ஆசை காணாமல் போகும். வேலை கொடுத்தவர் பெரும்பாலும் நிலத்துக்காரர்தான். கால் பங்கு முழுப் பங்காகிவிடும். தொழிலாளிக்கு வாய் திறக்கக் காரணமே இராது.

சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்துவது எதிர்வழி: முதலில் கண்டவரே கண்டெடுத்தவர், பலர் என்றால் பலரும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, வருவாய்த்துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அதே சுற்றறிக்கையில் இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். கிராம நிர்வாக அலுவலர் பொருளைக் கைப்பற்றும்போதே கண்டெடுத்தவர் பெயரில் நாலாம் பிரிவு அறிவிப்பை எழுதிவாங்கி, பங்குக்கு உரிமை உண்டு என்ற வாசகத்தோடு ஒரு ரசீது தரவேண்டும். எழுத்தறியாத தொழிலாளி ‘எழுத்தில் தெரிவிக்கவில்லை’ என்ற காரணத்தால் பங்கை இழக்கக்கூடாது. பாத்திரத்தைத் தூக்குவதற்கு முன் மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரோ மாநிலத் தொல்லியல் அலுவலரோ வந்து குழியைப் பார்க்கவேண்டும். பதினாறாம் பிரிவின் விலைச் சூத்திரத்தை மாற்றுவதற்கு மட்டும் சட்டமன்றம் போகவேண்டியிருக்கும். அதுவரை செப்புக்காசுக்குச் செம்பின் விலையும், பொற்காசுக்குப் பொன்னின் விலையோடு ஐந்தில் ஒன்றும்தான் சட்டம் தரும் தொகை. ஊர்ப் பத்தர் கேள்வி கேட்காமல் அன்றைக்கே தருவது அதைவிடக் கொஞ்சம் குறைவு.